பாய்லரின் நாடி

பாய்லர் என்றதும் நம் ஊர்வாசிகளின் நினைவுக்கு வருவது தேநீர்க் கடையில் ஆவி பறக்கும் பித்தளைக் கலனாகவோ, குளியலறை மூலையில் கரிபோட்டு மூட்டும் செப்புக் கலனாகவோதான் இருக்கும். இங்கிலாந்தில் அச்சொல் குறிக்கும் பொருள் வேறு. அடுப்படிச் சுவரில் அலமாரியைப்போல் தொங்கும் வெள்ளைப் பெட்டி அது. எரிவாயுவைக் கொண்டு நீரைச் சூடாக்குவதும், அந்த நீரை அறைக்கு அறை பொருத்தப்பட்ட ரேடியேட்டர்களுக்குள் சுற்றவிட்டு வீட்டைக் கதகதப்பாக வைத்திருப்பதும் அதன் முதல் வேலை. குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் தருவது அதன் இரண்டாம் வேலை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இப்பெட்டி ஒருநாள் படுத்துக்கொண்டால் குடும்பமே படுத்துக்கொள்ளும். பச்சைக் குழந்தையும் வயது முதிர்ந்தோரும் உள்ள வீட்டில் அதை வெறும் வசதிக் குறைவு என்று சொல்லிவிட முடியாது.

அப்பெட்டியின் அடியில் கைக்கடிகாரம் அளவேயுள்ள வட்டமான அழுத்தமானி ஒன்று இருக்கும். அதில் 0 முதல் 4 வரை எண்கள். ஒரே ஒரு முள். இங்கே குடித்தனம் நடத்தும் நம்மவர் பலர், வீடு மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்னரும் அந்த முள்ளைக் கூர்ந்து பார்த்ததில்லை. பாய்லர் நின்றுபோகும் நாளில்தான் அது கண்ணில் படுகிறது. கீழே சரிந்து கிடக்கும் முள்ளைப் பார்த்ததும், யாரோ சொல்லிக் கொடுத்தபடி ஒரு திருகைத் திறந்து நீரை நிரப்புகிறார்கள். முள் ஏறுகிறது; பாய்லர் ஓடுகிறது. ஒரு வாரம் கழித்து முள் மீண்டும் சரிகிறது, மீண்டும் நிரப்புகிறார்கள். காய்ச்சல் வந்த குழந்தைக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவதோடு நின்றுவிடுவது போன்ற வைத்தியம் இது. துணியால் சூடு தணியும். காய்ச்சல் ஏன் வந்தது என்பது துணிக்குத் தெரியாது.

முள் எதை அளக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். இக்காலத்துப் பாய்லர், குழாய்கள், ரேடியேட்டர்கள் ஆகிய யாவும் சேர்ந்து நன்கு மூடப்பட்ட ஒரே பாத்திரம் போன்றவை. ஒருமுறை நிரப்பிய நீரே ஆண்டுக்கணக்கில் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். நாம் குளிக்கவும் கழுவவும் பயன்படுத்தும் வெந்நீர் வேறு. அது இந்த நீரோடு கலப்பதில்லை. மூடிய பாத்திரத்துள் நீர் எவ்வளவு அழுத்தத்தோடு இருக்கிறது என்பதையே முள் காட்டுகிறது. அதன் அளவு 'பார்' எனப்படும். ஒரு பார் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் உயரம் நீரைத் தூக்கி நிறுத்தும் அழுத்தமாகும். கீழ்த்தளத்துப் பாய்லரிலிருந்து மாடியின் ரேடியேட்டர் வரை நான்கைந்து மீட்டர் உயரம் என்றால், அங்கே நீர் நிற்பதற்கே அரை பார் வேண்டும். ஆகவேதான், குளிர்ந்திருக்கும் நிலையில் முள் 1-க்கும் 1.5-க்கும் இடையில் இருக்கவேண்டும் என்று பெரும்பாலான பாய்லர்களுடன் வரும் கையேடுகள் கூறுகின்றன. அது மிகவும் தாழ்ந்துவிட்டால் பல பாய்லர்கள் தாமாகவே இயக்கத்தை நிறுத்திக்கொள்ளும்.

பழைய வீடுகளில் ஏற்பாடு வேறாக இருந்தது. இன்றும் சில வீடுகளில் அது உண்டு. கூரைக்கடியில் ஒரு சிறு தொட்டி. அதில் மிதவைப் பந்து ஒன்று. கீழே எங்கு நீர் கசிந்தாலும் தொட்டி ஓசையின்றி ஈடுசெய்துவிடும். வீட்டாருக்குக் கசிவு தெரியவே தெரியாது; தரைப்பலகை மக்கிய பின்னரே தெரியும். மூடிய ஏற்பாட்டில் அந்த மறைப்பு இல்லை. கசிவு என்றால் முள் சொல்லிவிடும். அவ்வகையில், இறங்கும் முள்ளைத் தொல்லை என்று நாம் சலித்துக்கொள்வது நியாயமாகாது. வாய் திறந்து பேசும் நோயாளி கிடைப்பது வைத்தியனுக்கு அரிது.

கிழக்கு இலண்டனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில், 2023ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் இந்த முள் பேசத் தொடங்கியது. கோடை முழுதும் ஓய்ந்திருந்த ரேடியேட்டர்களை அவ்வாரம்தான் இயக்கியிருந்தோம். வாப்பாவின் மறைவுக்குப் பின் உம்மா எங்களோடுதான் இருக்கிறார்கள். எழுபதைக் கடந்த வயது. குளிர் பட்டால் கைவிரல் மூட்டுகள் வீங்கிவிடும். விடியற்காலை ஒளுச் செய்யப் போனவர்கள், "தண்ணி ஐஸா வருது வாப்பா" என்று மாடிப்படியின் கீழிருந்து குரல் கொடுத்தார்கள். முள் 0.4-இல் இருந்தது. கையேட்டில் சொன்னபடி 1.2 வரை நிரப்பினேன். நான்கு நாட்களில் முள் 0.6-க்கு வந்துவிட்டது.

அண்டை வீட்டார் ஒருவர் பரிந்துரைத்த மெக்கானிக் வந்தார். முள்ளைப் பார்த்தார், பெட்டிக்கு என்ன வயது என்று கேட்டார். பன்னிரண்டு என்றதும், உள்ளே வெப்பமாற்றி விரிசல் விட்டிருக்கும், பழுதுபார்ப்பது வீண், புதியதை மாட்டிவிடுங்கள் என்றார். பெட்டியின் மூடி திறக்கப்படவில்லை. பத்து நிமிடத்தில் தீர்ப்பு முடிந்தது. 2,500 பவுண்டு ஆகும் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தத் தொகையைக் கேட்டு உம்மா திகைத்துப்போனார்கள். "ரெண்டாயிரத்தைந்நூறு பவுனா! நம்ம குடும்பத்துல எந்தப் பொண்ணுக்கும் அவ்வளவு போட்டதில்லையே!" தங்கப் பவுன் அன்று, இந்நாட்டு நாணயம் என்று என் மனைவி விளக்கியதும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியபின் வீட்டில் ஒரு மௌனம் நிலவியது. வரும் வசந்தத்தில் ஊரில் என் தங்கை மகளுக்கு நிக்காஹ். உம்மாவை அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு போய்வருவதற்காக ஈராண்டுகளாய்ச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஏறத்தாழ அதே அளவுதான். பாய்லரா, பயணமா என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. "எனக்குக் கம்பளி போதும் வாப்பா, கல்யாணத்தை வீடியோவுல பார்த்துக்கிறேன்" என்று உம்மா சொன்னபோது கேள்வி தானாகவே வெளிவந்துவிட்டது.

முடிவெடுக்குமுன் ஒரு வாரம் தவணை எடுத்துக்கொண்டேன். பெட்டியைத் திறப்பது என் வேலை அன்று. பிரிட்டனில் எரிவாயுச் சாதனத்தில் கைவைக்கும் தொழிலுக்குச் சட்டப்படி பதிவு வேண்டும். 2009 ஏப்ரல் முதல் 'கேஸ் சேஃப்' பதிவேடு அதற்குரியது. ஆனால், பெட்டியைத் தொடாமலேயே பார்க்கவும் குறிக்கவும் எவருக்கும் தடையில்லை. குழந்தைகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைப் பாய்லரின் அருகில் தொங்கவிட்டேன். நாள், நேரம், பாய்லர் ஆறியிருக்கிறதா சூடாயிருக்கிறதா, முள் எங்கே என நான்கு பத்திகள்.

முதலில் எளியவற்றைப் பார்த்தோம். ஒவ்வொரு ரேடியேட்டரின் இருபுறத்து வால்வுகளையும், கண்ணுக்குத் தெரியும் குழாய் இணைப்புகளையும் மெல்லிய காகிதத்தால் ஒற்றிப் பார்த்தோம். சூடான குழாயில் கசியும் துளி உடனே உலர்ந்துவிடும். ஆனால் செப்பின்மேல் பச்சைக் களிம்பையோ வெள்ளைப் பொடியையோ அடையாளமாக விட்டுவிட்டுத்தான் உலரும். கூடத்து மேற்கூரையில் ஈரக்கறை உண்டா, தரைவிரிப்பின் ஓரம் நமுத்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் அகப்படவில்லை. ரேடியேட்டரின் தலைப்பகுதியில் சேர்ந்த காற்றைத் திறந்துவிட்டாலும் முள் சற்று இறங்கும். அது நோயாகாது, காற்று போன இடத்தை நீர் நிரப்பியது என்பதே பொருள். நாங்கள் காற்றைத் திறந்துவிடவும் இல்லை.

அடுத்து, இரவுச் சோதனை. பாய்லரின் அடியில், ரேடியேட்டர்களுக்குச் செல்லும் குழாயிலும் திரும்பிவரும் குழாயிலும் ஒவ்வொரு வால்வு உண்டு. பாய்லரை அணைத்து, முற்றும் ஆறிய பிறகு அவ்விரண்டையும் மூடிவிட்டால், பெட்டியின் நீர் ஒரு பக்கமும் வீட்டுக் குழாய்களின் நீர் மறுபக்கமும் பிரிந்துவிடும். அழுத்தமானி இருப்பது பெட்டியின் பக்கம். காலையில் முள் இறங்கியிருந்தால் கசிவு பெட்டிக்குள். முள் அப்படியே நின்று, வால்வுகளைத் திறந்தவுடன் சரிந்தால் கசிவு வீட்டுக் குழாய்களில். வால்வுகளைத் திறக்குமுன் பாய்லரை இயக்கக்கூடாது என்பது மட்டும் இதில் முக்கியம்.

எங்கள் முள்ளோ இரண்டுக்கும் உடன்படவில்லை. வால்வுகள் மூடியிருந்தபோதும் அசையவில்லை, திறந்தபோதும் அசையவில்லை. மாலையில் தொடங்கி மறுநாள் காலைவரை 1.2-இலேயே நின்றது. வெப்பமாற்றியில் விரிசல் என்றால் ஆறிய நிலையிலும் நீர் கொஞ்சமேனும் குறைந்திருக்க வேண்டும். முதல் மெக்கானிக்கின் தீர்ப்பின்மேல் ஐயம் விழுந்தது அந்தக் காலையில்தான்.

அன்று மாலை ரேடியேட்டர்களை இயக்கிவிட்டு, முள்ளின்மேலேயே கண்ணாக இருந்தோம். 1.2 என்று இருந்தது 1.8 ஆயிற்று; 2.4 ஆயிற்று, முக்கால் மணி நேரத்தில் 3-ஐ நெருங்கிவிட்டது. அதற்குமேல் ஏறவில்லை. இரவு அணைத்துவிட்டுப் படுத்தோம், காலையில் 0.9. இறங்கும் முள்ளைப் பற்றித்தான் அதுவரை எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். நோயோ அது ஏறும்போது இருந்தது.

இதன் காரணம் பள்ளிப் பாடத்திலேயே உள்ளது. நீர் சூடானால் விரியும். 10 பாகையிலிருந்து 70 பாகைக்குச் சூடேறும் நீர் நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்று அதிகமாகவே பெருகும். எங்கள் வீட்டுக் குழாய்களிலும் ரேடியேட்டர்களிலும் சுமார் 90 லிட்டர் நீர் இருக்கும் என்று கொண்டால், சூடேறியதும் இரண்டு லிட்டர் கூடுதலாக வந்து நிற்கும். மூடிய பாத்திரத்தில் அந்த இரண்டு லிட்டர் எங்கே போகும்? அதற்கென்றே பெட்டிக்குள் ஒரு தட்டையான இரும்புக் கலன் இருக்கிறது. அதை விரிவுக் கலன் என்று சொல்லலாம். அதன் நடுவே ரப்பர்ச் சவ்வு. சவ்வின் ஒருபுறம் நீர், மறுபுறம் அடைத்துவைத்த காற்று. பெருகிய நீர் சவ்வைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகும். காற்று சுருங்கி இடம் கொடுக்கும். நீர் ஆறியதும் காற்று அதைத் திருப்பித் தள்ளிவிடும். நீரை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். காற்றின் இடம் குறையக் குறைய அதன் அழுத்தம் கூடும் என்ற விதியை ராபர்ட் பாயில் வெளியிட்டது 1662ஆம் ஆண்டில். வீட்டுப் பாய்லர் நலமாக ஓடுவது அந்த விதியின் தயவால்தான்.

சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல அக்கலனிலும் ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்று இறங்கிவிடும். காற்று இல்லையேல், பெருகும் நீருக்கு இடம் இல்லை. முள் விறுவிறுவென்று ஏறும். 3 பார் ஆனதும் பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டு, மிகுதியான நீரைச் சுவரின் வழியே வெளியே கொட்டிவிடும். அது வெடிப்பைத் தடுக்கும் காவலன். அது திறப்பது குற்றமன்று. ஆனால், சூட்டில் வெளியேறிய நீர் ஆறியபின் திரும்பி வருவதில்லை. காலையில் அந்தக் குறையைத்தான் இறங்கிய முள்ளாக நாம் காண்கிறோம்.

இதை உறுதிசெய்ய ஒரு பாலிதீன் பை போதும். எங்கள் வீட்டுப் பின்சுவரில், தரைக்கு ஒரு சாண் மேலே, வளைந்து சுவரையே பார்த்து நிற்கும் செப்புக் குழாய்முனை ஒன்று உண்டு. பாதுகாப்பு வால்வின் வாய் அதுதான். முனையைச் சுற்றிப் பையைத் தளர்வாகக் கட்டினோம். கொதிநீர் பாய்ந்து வரக்கூடிய இடமாதலால், பிள்ளைகளை அப்பக்கம் போகவிடவில்லை. மறுநாள் காலையில் பையில் ஒரு குவளை நீர் தேங்கியிருந்தது. இலண்டனில் அன்றிரவு மழை இல்லை.

நோட்டுப் புத்தகத்தையும் பையையும் வைத்துக்கொண்டு வேறொரு மெக்கானிக்கை அழைத்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர், ஐம்பது வயதிருக்கும். வாசலிலேயே பதிவு அட்டையை எடுத்துக் காட்டினார். அட்டையின் பின்புறத்தில் அவர் எந்தெந்தச் சாதனங்களில் வேலை செய்யத் தகுதியுடையவர் என்று குறித்திருக்கும். அதையும் திருப்பிப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். நோட்டை இரண்டு நிமிடம் புரட்டினார். "சூட்டில மூண்டைத் தொடுது, ஆறினாப் பிறகு ஒண்டுக்குக் கீழ. இனி நான் தேடுறதுக்கு என்ன இருக்கு?" என்று சிரித்தார்.

மூடியைத் திறந்து, விரிவுக் கலனிலுள்ள சிறு வால்வின் ஊசியை அழுத்தினார். கார் டயரில் இருப்பதைப் போன்ற வால்வு அது. அங்கிருந்து நீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, கலனையே மாற்றவேண்டும் என்பது பொருள். நீர் வரவில்லை, 'உஸ்' என்று ஒரு நொடி மூச்சுத்தான் வந்தது. பாய்லரின் நீரழுத்தத்தைப் பூச்சியத்துக்கு இறக்கிவிட்டு, கைப்பம்பு கொண்டு, கையேடு கூறிய அளவுக்குக் காற்றை ஏற்றினார். நீரழுத்தத்தை இறக்காமல் காற்றடித்தால் அளவு பொய் சொல்லும் என்று விளக்கவும் செய்தார். பலமுறை திறந்து மூடிய பாதுகாப்பு வால்வில் துகள் சிக்கி, இனி அது முழுதாய் மூடாமற்போகலாம் என்பதால் அதையும் மாற்றினார். எல்லாம் சேர்த்து நூற்றைம்பது பவுண்டுக்குச் சற்று மேலாயிற்று. "புதுப் பாய்லர் ஒண்டும் தேவையில்லையம்மா" என்றவரிடம், "தம்பி, தேத்தண்ணி குடிக்காமப் போகக்கூடாது" என்று உம்மா கோப்பையை நீட்டினார்கள். அன்று மாலை முள் 1.2-இலிருந்து ஏறி 2-ஐத் தொட்டு நின்றது, காலையில் 1.2-க்கே திரும்பியது. மறு ஏப்ரலில் தங்கை மகளின் நிக்காஹ் மஜ்லிஸில் உம்மா முன்வரிசையில் இருந்தார்கள்.

எல்லார் வீட்டிலும் காரணம் இதுவே என்று கொள்ளவேண்டா. இரவில் பாய்லர் ஆறியிருக்கும்போதும் முள் இறங்கினால் கசிவு குழாயிலோ, ரேடியேட்டரிலோ, பெட்டிக்குள்ளோ இருக்கிறது. இக்காலத்துப் பாய்லரில் வெப்பமாற்றி உண்மையிலேயே விரிசல் விட்டால், அந்த நீர் புகைநீர் வடியும் குழாயோடு சாக்கடைக்குப் போய்விடும், தடயமே இராது. அந்நிலையில் புதிய பெட்டி வாங்குவதே அறிவாகலாம். ஆறியிருக்கும்போது முள் தானாக ஏறினால், நிரப்பும் குழாயின் திருகு முழுதாய் மூடவில்லை என்பது குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் முள் வெவ்வேறு வகையில் அசையும். அசைவைப் படித்தால் நோய் புலப்படும். அசைவைப் படியாமல் சொல்லும் தீர்ப்பு ஊகமே.

நிரப்பிக்கொண்டே இருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. மூடிய குழாய்க்குள் சுற்றும் பழைய நீரில் பிராணவாயு ஏறக்குறைய தீர்ந்துபோயிருக்கும். அதனால் இரும்பு துருப்பிடிப்பது மட்டுப்பட்டிருக்கும். புதுநீர் ஒவ்வொரு முறையும் புதிய பிராணவாயுவை உள்ளே கொண்டுபோகிறது. துரு கருஞ்சேறாகி ரேடியேட்டர்களின் அடியில் படிகிறது. தலைப்பக்கம் சூடாகவும் அடிப்பக்கம் குளிர்ந்தும் இருக்கும் ரேடியேட்டர் அந்தச் சேற்றின் அறிகுறி. துருவைத் தடுக்கக் கலந்திருக்கும் மருந்தும் நீர்த்துப்போகிறது. இலண்டனின் கடின நீரோ போதாக்குறைக்குச் சுண்ணத்தையும் சேர்க்கிறது. நிரப்புவதால் அன்றைய குளிர் தீர்கிறது. ஆனால் பாய்லரின் ஆயுள் குறைகிறது.

இந்நாட்டில் குடியேறியிருக்கும் நம் குடும்பங்களுக்கு, குறிப்பாக வாடகை வீட்டில் இருப்போருக்கு, ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆண்டுக்கொருமுறை பாய்லரைப் பரிசோதிக்க ஆள் வரும்போது, விரிவுக் கலனின் காற்றையும் அளந்து பாருங்கள் என்று கேளுங்கள்; கேளாவிட்டால் அதை விட்டுவிடுவோர் உண்டு. கரியமில ஓராக்சைடு வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவி ஒன்று வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். முள் சரிந்தால் ஒருமுறை நிரப்பலாம், அதில் பிழையில்லை. இரண்டாம் முறை நிரப்புமுன் நோட்டை எடுங்கள். ஆறியபோது எவ்வளவு, சூட்டின் உச்சத்தில் எவ்வளவு, எத்தனை நாளில் எவ்வளவு குறைந்தது என்ற மூன்று கணக்கையும் வாசலில் வந்து நிற்கும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவற்றைப் படித்துப் பார்த்தபின் பேசுபவரிடம் வேலையை ஒப்படைக்கலாம். படிக்காமலே புதியதுக்கு விலை சொல்பவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.